குழந்தை முதலில் சொன்னது

தாலிசாய் பால்வாடியில் கில்டா டீச்சர் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தாள். யார் எதைச் சொன்னாலும், "இத நீயே பாத்தியா, இல்ல யாராச்சும் உனக்குச் சொன்னாங்களா?" என்று கேட்பது அவள் பழக்கம். மூன்று வயதுப் பிள்ளையிடமும் கேட்பாள், பூசை முடித்து வரும் சாமியாரிடமும் கேட்பாள். அவள் கணவன் கோரோ டிரைசிக்கிள் ஓட்டுகிறவன். வண்டி நிறுத்துமிடத்தில் இதைச் சொல்லிச் சிரிப்பான். "சாப்டேன்னு சொன்னா எங்க வீட்ல செல்லாது. தட்டக் கழுவாம வெச்சுக் காட்டணும்."

ஊருக்கு இது வேடிக்கை. பழக்கம் வந்த கதையில் வேடிக்கை இல்லை.

கில்டாவுக்கு ஐந்து வயது நடந்தபோது அவர்கள் வீட்டில் சலூத் என்று ஒரு பெண் இருந்தாள், கில்டா அவளை மனாங், அதாவது அக்கா, என்று கூப்பிடுவாள். மலைப்பக்கத்துத் தூரத்து உறவு, பதினேழு வயது. காலையில் வீட்டு வேலை, மத்தியானம் பள்ளிக்கூடம். அந்த வருஷம் திருவிழா எடுக்கும் முறை கில்டா வீட்டுக்கு வந்திருந்ததால், கோவிலின் குழந்தை இயேசு சொரூபம் அவர்கள் கூடத்தில் இருந்தது. அதன் தலையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தங்க முடி, குட்டிக் கிரீடம். ஒரு செவ்வாய்க்கிழமை அந்த முடியைக் காணோம்.

முதலில் கேட்டபோது தான் எதையும் பார்க்கவில்லை என்றுதான் கில்டா சொன்னாளாம். அவளுக்கே அது ஞாபகம் இல்லை. பின்னாளில் அண்ணன் சொல்லித்தான் தெரியும். அவள் சொன்னதோடு யாரும் விட்டுவிடவில்லை. அம்மா மடியில் வைத்துக்கொண்டு, "நல்லா யோசிச்சுப் பாரு கண்ணு, மனாங் சலூத் அந்தப் பக்கம் போனாளா?" என்று கேட்டாள். மறுநாள் சித்தி, "ஸ்டூல் போட்டு ஏறுனாளா? எந்தக் கையால எடுத்தா?" என்று கேட்டாள். மூன்றாம் நாள் குழந்தைக்குப் படம் போலத் தெரிந்துவிட்டது. சலூத் ஸ்டூலில் ஏறுகிறாள், வலது கையை நீட்டுகிறாள், முடியை எடுத்துப் பாவாடை மடிப்பில் செருகுகிறாள்.

சலூத்தை அன்றைக்கே மலைக்கு அனுப்பிவிட்டார்கள். பள்ளிப் படிப்பும் அதோடு நின்றது. முடி கிடைக்கவே இல்லை.

அந்தப் படத்தைக் கில்டா முப்பது வயதைத் தாண்டும்வரை சந்தேகப்பட்டதே இல்லை. தான் ஒரு திருட்டைக் கண்டுபிடித்தவள் என்ற சின்னப் பெருமைகூட அவளுக்கு இருந்தது. பால்வாடி வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாகாணத் தலைநகரில் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். இலோயிலோ நகரத்திலிருந்து வந்த ஒரு அம்மாள், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கழுத்தோடு தொங்கவிட்டிருந்தவர், எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். ஆறு வயதுக்குள் நடந்த ஏதாவது ஒன்றை மனசுக்குள் பார்த்து, அதை அப்படியே தாளில் வரையச் சொன்னார். கில்டா பீடத்தை வரைந்தாள், சொரூபத்தை வரைந்தாள், ஸ்டூலில் சலூத்தை வரைந்தாள். வாசற்படியில் ஒரு சின்னப் பெண்ணையும் வரைந்தாள்.

அந்த அம்மாள் குனிந்து பார்த்தார்.

"வாசப்படியில நிக்கிறது யாரு?"

"நான்தான் மேடம். மஞ்சக் கவுனு, தோள்ல லேஸ் வெச்சது."

"உங்க முதுகு தெரியுதே. அப்ப நீங்க எங்க நின்னு பாத்தீங்க?"

கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். கில்டா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கண்ணால் பார்த்த காட்சிக்குள் தன் முதுகு எப்படி வரும்? அவளுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தது யார்?

ஊருக்குத் திரும்பிய அன்றே அம்மாவின் பெட்டியைத் திறந்து அந்தக் கவுனை எடுத்தாள். "இத எப்ப தெச்சதும்மா?"

"அடுத்த வருஷத் திருவிழாவுக்கு. துணி அண்ணன் கப்பல்லேர்ந்து கொண்டாந்தது. ஏன்?"

"முடி காணாமப் போனப்ப நான் இதப் போட்டிருந்தேனா?"

"எப்படிப் போட்டிருப்ப? அப்ப இது துணியாக்கூட வரல." அம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எரிச்சலோடு சேர்த்துக்கொண்டாள். "அதுக்காக அவ எடுக்கலன்னு ஆயிடுமா?"

ஆகிவிடாது. கில்டாவை அரித்தது அதுதான். சலூத் எடுத்திருக்கவும் கூடும். ஆனால் எடுத்ததைக் கில்டா பார்க்கவில்லை. அம்மாவும் சித்தியும் கேள்வி கேட்டார்கள், அவள் தலைக்குள் படம் வரைந்தாள், அதை எல்லோரும் சாட்சி என்றார்கள்.

ஒரு மாதம் விசாரித்து, வடக்கே ஒரு சந்தையில் சலூத் இஞ்சியும் கீரையும் விற்பதைக் கண்டுபிடித்தாள். ஜீப்னி வண்டியில் மூன்று மணி நேரம். சலூத்துக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது, முன்பல் ஒன்று இல்லை. கில்டா பெயரைச் சொன்னதும் அவள் கை இஞ்சிக் குவியல் மேலேயே நின்றுவிட்டது.

"எதுக்கு வந்திருக்க? இன்னும் ஏதாச்சும் காணாமப் போச்சா?"

"இல்ல மனாங். நான் அன்னிக்குப் பாக்கல. பாத்ததா நெனச்சுட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

"சரி, சொல்லிட்ட."

கில்டா போகவில்லை. கேட்கக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்து வந்ததைக் கேட்டாள். "நீங்க எடுத்தீங்களா, மனாங்?"

சலூத் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எடுக்கலன்னு சொன்னா நம்புவியா? எடுத்தேன்னு சொன்னாலும் நம்புவியான்னு தெரியல. அப்புறம் எதுக்குக் கேக்கிற? நகரு, ஆளுங்க வாங்க வர்றாங்க."

மன்னிப்பும் கிடைக்கவில்லை, பதிலும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து கில்டா தன் ஞாபகத்தையே நம்புவதை விட்டாள். மற்றவர்கள் ஞாபகத்தை நம்புவது அதற்குப் பிறகு எப்படி?

பால்வாடியில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தாள். பிள்ளைகள் சொல்வதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே, தேதி போட்டு எழுதுவாள். மூன்று வயசுப் பிள்ளை கண்ணைப் பொத்திக்கொண்டு தான் ஒளிந்துவிட்டதாக நம்புவதை எழுதினாள். தண்ணீர்ப் பானைக்குப் பின்பக்கம் உண்டா என்று கேட்டதும், சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இப்ப இருக்கு" என்று சொன்ன ஒரு பெண்ணைப் பற்றி எழுதினாள். எருமையைப் பக்கவாட்டில் பார்த்து வரையச் சொன்னால் நாலு காலையும் இரண்டு கண்ணையும் ஒரே பக்கத்தில் வரைவார்கள். கண்ணில் படாததும் எருமைக்கு உண்டு என்று தெரியும், தெரிந்ததைத் தாளில் விட்டுவிட மனசு வராது. மேசையில் ஆறு சாமான் வைத்துத் துணியால் மூடினால், சின்னதுகள் கடைசியாகப் பார்த்ததை மட்டும் சொல்லும். ஐந்தரை வயசானதுகள் மூடும்போதே உதட்டுக்குள் பெயர்களை முணுமுணுத்துக்கொள்ளும். யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். நேற்று கண்ட கனவைக் காலையில் நடந்ததாகச் சொல்வதும், தன் ஞானஸ்நானத்தைத் தானே பார்த்ததாகச் சொல்வதும் வாரத்துக்கு ஒரு பிள்ளையாவது உண்டு. கில்டா திட்ட மாட்டாள். "உனக்கு யார் சொன்னா?" என்று கேட்டு, அதையும் எழுதிக்கொள்வாள்.

பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பூரிசிமாவின் கொப்பரைக் கொட்டகை எரிந்தது. ஊரில் தென்னந்தோப்பு அதிகம் உள்ளவள் பூரிசிமா. கல்யாணம் செய்துகொள்ளாதவள், தம்பி குடும்பத்தோடு இருந்தாள். தம்பி மனைவி வில்மா. அவர்கள் மகள் ஜெனலினுக்கு நாலு வயது, கில்டாவின் பால்வாடிப் பிள்ளை. கொட்டகைக்கும் வீட்டுக்கும் பத்தடி தூரம். மட்டையும் ஓலையும் காய்ந்து கிடந்த காலம், அரை மணி நேரத்தில் தரையோடு போயிற்று. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கொப்பரை உலர்த்தும் அடுப்பில் மிச்சமிருந்த கங்காக இருக்கலாம் என்று இரண்டொருவர் சொன்னார்கள். ஆனால் தீ அணைவதற்குள் ஊர் வாயில் ஒரு பெயர் வந்துவிட்டது: இரெனேயோ. கள் இறக்குகிறவன், சின்னதுகளுக்கு மனோங் இரேன், அதாவது இரேன் அண்ணன். ஜனவரியில்தான் பூரிசிமா அவனிடமிருந்து எட்டு மரத்தைப் பிடுங்கி வேறு ஒருவனுக்குக் கொடுத்திருந்தாள். "நீ நல்லாருப்பியான்னு பாக்கிறேன்" என்று அவன் நடுத்தெருவில் கத்தியதைப் பத்துப் பேர் கேட்டிருந்தார்கள்.

கில்டாவுக்கும் அவன்மேல் நல்ல எண்ணம் இல்லை. குடிப்பான், வாய்க்கு வந்ததைப் பேசுவான். முந்தின வருஷம் அவள் வேலி மூங்கிலை வெட்டிக்கொண்டு போய்விட்டு, வெட்டவே இல்லை என்று சாதித்தவன். கேள்விப்பட்டதும் அவளும் மனசுக்குள், "செஞ்சாலும் செஞ்சிருப்பான்" என்றுதான் நினைத்தாள்.

திங்கட்கிழமை ஜெனலின் பால்வாடிக்கு வந்தாள். கில்டா ஒன்றும் கேட்கவில்லை. கஞ்சி குடிக்கும்போது அவளாகவே சொன்னாள். கில்டா எழுதிக்கொண்டாள்: "நான் தூங்கினேன். அம்மா தூக்கினாங்க. சூடா இருந்துச்சு. நிறையப் பேர் கத்தினாங்க."

புதன்கிழமை ஊர்மன்றக் கூடத்தில் ஊர்த் தலைவரான கப்பித்தான் விசாரணை வைத்தார். அவர் பெயர் எலெயுதெரியோ. ஊர் அவரை காப் தெரியோ என்று கூப்பிடும். இரெனேயோ, தேர்தலில் கட்சிக்காரர்கள் கொடுத்த சிவப்பு பனியன் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து, தீப்பற்றிய நேரம் தான் ஆற்றங்கரையில் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னான். பார்த்தவர் யாரும் இல்லை. வில்மா மடியில் பிள்ளையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பூரிசிமா இரெனேயோவைக் கைகாட்டி அரை மணி நேரம் பேசினாள். அதற்குப் பிறகு வீட்டிலும் கப்பித்தான் முன்பும் பிள்ளையைக் கேட்டுக்கொண்டே இருந்தார்களாம்.

அடுத்த திங்கட்கிழமை ஜெனலின் சொன்னதையும் கில்டா எழுதினாள். "மனோங் இரேன் வந்தான். சிவப்பு பனியன் போட்டிருந்தான். தீக்குச்சி கிழிச்சான். நான் ஜன்னல்ல பாத்தேன்."

எழுதி முடித்ததும் கில்டா போன வாரப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். சாயங்காலம் கப்பித்தான் வீட்டுக்குப் போனாள். அவர் சேவலுக்குக் காலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"காப், பிள்ளைகிட்ட இரேன் பேரு மொதல்ல சொன்னது யாரு? அவளா, நீங்களா?"

"என்ன கேள்வி இது. பிள்ளை பாத்திருக்கு, சொல்லுது."

"மொத திங்கக்கெழம தூங்கிட்டு இருந்தேன்னு சொன்னா. நோட்டுல இருக்கு. அந்த சிவப்பு பனியன் விசாரணையில பாத்தது."

"பயத்துல அன்னிக்கு வாய் வந்திருக்காது. இப்ப வருது." கப்பித்தான் சேவலைக் கூட்டில் விட்டார். "நாலு வயசுக் கொழந்தைக்குப் பொய் சொல்லத் தெரியாது, டீச்சர்."

"தெரியாதுதான் காப். அதான் எனக்குப் பயமா இருக்கு."

அவருக்கு அது புரியவில்லை. வர்ற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை கடைசி விசாரணை, அதோடு கேஸை டவுன் போலீஸுக்கு அனுப்பப்போவதாகச் சொல்லிவிட்டார். போகும்போது பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "உங்க வேலிய வெட்டினவன்தானே அவன்? உங்களுக்கு ஏன் இந்த அக்கறை?"

வீட்டில் கோரோவும் அதையே கேட்டான். கில்டா மீனை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "அவன் வெச்சானா இல்லையான்னு எனக்குத் தெரியாது. வெச்சிருந்தாலும் இவ அதப் பாக்கல."

"யாரு நம்பப்போறா? நீ டீச்சரு, அவ கொழந்த. கொழந்தையத்தான் நம்புவாங்க."

அவன் சொன்னது சரி என்று கில்டாவுக்கும் தெரிந்தது. நோட்டைக் காட்டினால் போதாது. அவர்கள் கண் முன்னால் அது நடக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலையில், தன் அம்மாவும் சித்தியும் தனக்குச் செய்ததை அவள் பதினேழு பிள்ளைகளுக்குச் செய்ய ஆரம்பித்தாள். ஜெனலினை மட்டும் விட்டுவிட்டாள். ஒவ்வொரு பிள்ளையாக மடியில் வைத்துக்கொண்டு, "போன வெள்ளிக்கெழம நம்ம ரூமுக்குள்ள ஒரு ஆடு வந்துச்சே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். அப்படி ஆடு எதுவும் வரவில்லை.

முதல் நாள் எல்லாமே உதட்டைப் பிதுக்கின. டோன்டோன் என்ற பெரியவன், ஐந்தரை வயசு, "வரல டீச்சர். நீங்க கனவு கண்டீங்களா?" என்று கேட்டான். மறுநாள் மறுபடியும் கேட்டாள். "வாலு எப்படி இருந்துச்சு? யாரு பயந்தா?" மூன்றாம் நாள் ஒரு பெண் ஆடு வெள்ளை என்றாள். வெள்ளிக்கிழமை இன்னொருவன் அதன் கொம்பைத் தொட்டதாகச் சொன்னான். அடுத்த வாரம் நடுவில், பதினேழில் பதினோரு பேருக்கு ஆடு வந்துவிட்டது. ஒருத்தியின் படத்தை அது தின்றுவிட்டது, அவள் அதைச் சொல்லி அழுதே விட்டாள். டோன்டோன் கடைசிவரை இல்லை என்றே தலையை அசைத்தான். அவன் ஒவ்வொரு தடவை "வரல" என்றபோதும் கில்டாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மற்றவர்கள் சொல்லச் சொல்ல, அழுத பிள்ளையைத் தேற்றும்போது, தான் செய்வது பாவமா என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் எழுதி வைத்தாள்.

சனிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. ஜெனலின் எழுந்து நின்று, தடங்கலில்லாமல், ஜன்னலையும் சிவப்பு பனியனையும் தீக்குச்சியையும் சொன்னாள். பூரிசிமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரெனேயோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கில்டா எழுந்தாள்.

"காப், பால்வாடிப் பிள்ளைங்க இங்க ஏழெட்டுப் பேர் இருக்காங்க. அவங்கள ஒரு கேள்வி கேளுங்க. ரெண்டு வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கெழம எங்க ரூமுக்குள்ள ஆடு வந்துச்சான்னு."

"ஆடா? இதுக்கும் அதுக்கும் என்ன?"

"கேளுங்க, சொல்றேன்."

கப்பித்தான் சலிப்போடு கேட்டார். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். வெள்ளை ஆடு, காதில் கருப்புப் புள்ளி, மேசை மேல் ஏறியது, படத்தைத் தின்றது. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. யாரோ, "அந்தக் கஸ்தோதியோவோட ஆடாத்தான் இருக்கும், அவன் அத என்னிக்குக் கட்டி வெச்சான்?" என்றார்கள்.

அப்போது வில்மா, ஜெனலினின் அம்மா, உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். "ஆமா காப், அன்னிக்குக் கஞ்சி காய்ச்சுற முறை என்னோடது. தொடப்பத்த எடுத்து நான்தான் வெரட்டினேன்."

கில்டா இதை எதிர்பார்க்கவே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஆடு வரல, வில்மா. நான்தான் பத்து நாளா இதுங்ககிட்ட கேட்டேன். கேட்டுக் கேட்டு வர வெச்சேன். அந்த வெள்ளிக்கெழம கோவில் வேலைன்னு பால்வாடிய நான் தொறக்கவே இல்ல. நீங்களும் வரல, கஞ்சியும் காய்ச்சல."

வில்மா விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். அந்த வெள்ளிக்கிழமை பால்வாடி மூடியிருந்தது அவளுக்கும் தெரியும், பிள்ளையை அவளே வீட்டில் வைத்திருந்தாள். கில்டா நோட்டைத் திறந்து, ஜெனலின் முதல் திங்கட்கிழமை சொன்னதையும் இரண்டாம் திங்கட்கிழமை சொன்னதையும் தேதியோடு படித்தாள்.

பூரிசிமா எழுந்தாள். "என் வீட்டுப் பிள்ளையப் பொய்க்காரின்னு சொல்றியா?"

"பிள்ளை பொய் சொல்லல, மனாங் பூரி. நாம கேட்டோம், அவ குடுத்தா."

"நீதான் பிள்ளைங்களுக்குப் பொய் சொல்லிக் குடுத்திருக்க. ஊரே கேட்டுச்சு. பால்வாடில இதான் பாடமா?"

கில்டா நோட்டை மூடினாள். கப்பித்தான் நெற்றியைத் தடவிக்கொண்டே, பிள்ளையின் சாட்சியை எடுத்துக்கொள்ள முடியாது என்றார். வேறு சாட்சி யாருக்கும் இல்லை. கேஸ் டவுனுக்குப் போகவில்லை.

ஆனால் ஊர் அதோடு நிற்கவில்லை. மறு வாரம் ஆறு பிள்ளைகள் பால்வாடிக்கு வரவில்லை. டவுனிலிருந்து ஒரு அதிகாரி வந்து நோட்டைப் புரட்டிப் பார்த்து, இனிமேல் இந்த மாதிரி வேலை வேண்டாம் என்று எழுதி வாங்கிக்கொண்டு போனார். கில்டா ஒவ்வொரு வீடாகப் போய், ஆடு வரவில்லை, தான் சொன்னது பொய் என்று பிள்ளைகளிடம் சொன்னாள். இரண்டு பிள்ளைகள் ஒத்துக்கொண்டார்கள். படத்தைப் பறிகொடுத்தவள், "உங்களுக்கு மறந்துபோச்சு டீச்சர்" என்று அவளுக்கே ஆறுதல் சொன்னாள்.

ஒருநாள் சந்தைக்குப் போகும் வழியில் வில்மா அவளை நிறுத்தினாள். கோபமாகத்தான் ஆரம்பித்தாள், பாதியில் குரல் இறங்கிவிட்டது. "இப்பக்கூட தெரியுது டீச்சர். தொடப்பம் கையில இருக்கு, அது திரும்பி என்னப் பாக்குது. நான் பைத்தியமா?"

"இல்ல. எனக்கும் இருந்துச்சு, ஆடு இல்ல, வேற ஒண்ணு."

"அது போயிடுச்சா?"

"இல்ல," என்றாள் கில்டா.

இரெனேயோ ஒரு சாயங்காலம் ஒரு மூங்கில் குழாய் நிறையக் கள்ளோடு வேலியோரம் வந்து நின்றான். பக்கத்தில் மனைவி. நெக்ரோஸ் தீவுக்குக் கரும்பு வெட்டப் போவதாகச் சொன்னான். கில்டா குழாயை வாங்கிக்கொண்டாள். கேட்கக் கூடாது என்று இந்தத் தடவையும் நினைத்தாள்.

"இரேன், கொட்டகைக்கு நீ தீ வெக்கலையே?"

அவன் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "ஊர் முன்னால எனக்காகப் பேசினீங்க. நீங்களே நம்பலைல்ல?"

"எனக்குத் தெரியாதுன்னுதான் சொன்னேன். வெக்கலன்னு சொல்லல."

"சரிதான் டீச்சர்," என்று சொல்லிவிட்டு அவன் நடந்தான். அவன் மனைவி மட்டும் திரும்பிப் பார்த்து, கை கூப்புவது போல ஏதோ செய்தாள். கள்ளைக் கோரோ குடித்தான். கில்டா தொடவில்லை. இரெனேயோ அதற்குப் பிறகு தாலிசாய்க்கு வரவில்லை.

ஜெனலின் ஒன்றாம் வகுப்புக்குப் போனாள், பள்ளிக்கூடம் மாறினாள், கில்டாவைத் தெருவில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவாள். பதினைந்து வயசில் ஒருநாள் பள்ளிச் சீருடையோடு பால்வாடி வாசலில் வந்து நின்றாள். பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். கில்டா நாற்காலிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், நான் அன்னிக்கு என்ன சொன்னேன்? அத்தை நான் பாத்தேன்னு சொல்றாங்க. அம்மா அதப் பத்திப் பேசவே மாட்டேங்கிறாங்க."

"உனக்கு என்ன ஞாபகம் இருக்கு? அத மொதல்ல சொல்லு."

"ஒண்ணுமில்ல. தீ எரிஞ்சதுகூட எனக்குத் தெரியல. மனோங் இரேன் பேர் கேட்டா மட்டும் பயமா இருக்கும். மூஞ்சிகூட தெரியாது, பயம் மட்டும் இருக்கு."

கில்டா இன்னொரு நாற்காலியைக் கவிழ்த்தாள். எதைச் சொன்னாலும் அது இந்தப் பெண்ணின் தலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஜாக்கிரதையாகச் சொன்னாள். "நீ தூங்கிட்டு இருந்த. அம்மா தூக்கினாங்க. நீ மொதல்ல சொன்னது அவ்வளவுதான். அதுக்கு மேல இருக்கிறது மத்தவங்க கேட்டதுக்கு அப்புறம் வந்தது."

"அப்ப நான் பொய் சொன்னேனா?"

"இல்ல. உனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அது நெசம்தான்."

"அவரு வெச்சாரா?"

"எனக்குத் தெரியாது, கண்ணு. தெரிஞ்ச மாதிரி நான் சொன்னா அதையும் நம்பாத."

ஜெனலின் நன்றி என்று சொல்லவில்லை. மிச்சமிருந்த நாலு நாற்காலியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

இரெனேயோவின் தங்கை எமெரித்தா ஊர்ச் சந்தையில் மீன் விற்கிறாள். பதினோரு வருஷமாகப் பூரிசிமா வீட்டிலிருந்து யாரும் அவள் பலகைப் பக்கம் போனதில்லை. ஜெனலின் பால்வாடிக்கு வந்துபோன வாரத்துச் சனிக்கிழமை காலையில் கில்டா கீரைக்காரியிடம் நின்றுகொண்டிருந்தபோது, இரண்டு பலகை தள்ளி ஜெனலின் குரல் கேட்டது. அரைக் கிலோ மத்தி கேட்டாள்.

எமெரித்தா தராசைத் தொடவில்லை. "நீ பூரி வீட்டுப் பொண்ணுதானே? யாரு அனுப்புனா?"

"யாரும் அனுப்பல, மனாங்."

"உங்க அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சா மீனத் தூக்கித் தெருவுல எறிவா. எங்கிட்ட வந்து கத்துவா. எனக்கு அது வேணாம்."

"நாந்தான் சமைக்கிறேன். எங்க வாங்கினேன்னு கேட்டா நானே சொல்லிக்கிறேன்."

எமெரித்தா அவள் முகத்தில் எதையோ தேடினாள். கிடைத்ததா இல்லையா என்று தெரியவில்லை. மத்தியை நிறுத்து, வாழை இலையில் சுற்றி, பெண்ணின் கையில் கொடுக்காமல் பலகை விளிம்பில் வைத்தாள். ஜெனலின் எடுத்துக்கொண்டாள். கில்டா அவர்களைத் திரும்பிப் பார்க்காமல் கீரைக் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.